முதியோர் கல்வி யாருக்கு?

‘வயதான பெரியவர்களுக்கான வாழ்நாள் முழுவதுமான கற்றல்.’ பாளையங்கோட்டையில் ஓர் அழைப்பிதழில் இப்படி அச்சடித்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குக் கணினியும் வரலாறும் சொல்லித்தரும் நல்ல ஏற்பாடுதான். பெயர்தான் தொண்டையில் சிக்குகிறது. இந்த ‘வயதான பெரியவர்கள்’ இப்போது எந்தத் துண்டறிக்கையைப் பிரித்தாலும் வந்து நிற்கிறார்கள்.

மூலம் ‘ஓல்டர் அடல்ட்ஸ்’. ‘அடல்ட்’ லத்தீனில் வளர்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. வளர்ந்து முடிந்தவர் என்று பொருள். ஆங்கிலத்தில் இருபது வயதுக்காரரும் அடல்ட், எண்பது வயதுக்காரரும் அடல்ட். அதனால் அவர்களுக்கு ஓர் அடைமொழி தேவைப்படுகிறது. நமக்கு எதற்கு? திருநெல்வேலிச் சீமையில் பெரியவர் என்றாலே நரைத்த தலைதான். “பெரியவரே, தென்காசி பஸ் போயிட்டா?” என்று ஒரு கல்லூரிப் பையனிடம் கேட்டுப் பாருங்கள், முறைப்பான்.

‘முதியோர்’ என்ற நல்ல சொல் இருக்கிறதே? முதுமை, முதுமொழி எல்லாம் அதன் உறவு. பழந்தமிழில் ‘முதுக்குறைவு’ என்றால் பேரறிவு. ஆனால் அந்தச் சொல்லை முன்பே வேறிடத்தில் செலவழித்துவிட்டோம். 1978 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்கத் தொடங்கிய எழுத்தறிவுத் திட்டம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கானது. தமிழில் அதை ‘முதியோர் கல்வி’ என்றார்கள். பதினைந்து வயதுப் பெண் முதியோராம்!

தவறு உறைத்தவர்கள் ‘வயது வந்தோர் கல்வி’ என்று மாற்றினார்கள். வாக்காளர் பட்டியலுக்கு அது சரி. எங்கள் பக்கம் ‘வயசுக்கு வந்தாச்சு’ என்றால் சடங்கு வீட்டுப் பந்தல்தான் கண்ணில் வரும். ‘வளர்ந்தோர் கல்வி’ என்றும் சிலர் எழுதினார்கள். மூலத்துக்கும் பொருந்தி, தமிழாகவும் இருந்தது அதுதான், பரவாமல் போனது. தொண்ணூறுகளில் வந்த அறிவொளி இயக்கம் பெயரில் வயதையே தொடவில்லை, ஊரில் நிலைத்தது.

1978இல் முப்பத்தைந்து வயதில் சிலேட்டுப் பிடித்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். அன்று முதியோர் என்று கூப்பிட்டோம். நிஜமாகவே முதியவர் ஆனதும் ‘வயதான பெரியவர்’ என்கிறோம்.

முதியோர் என்றால் முதியோர் இல்லம் நினைவுக்கு வருகிறது, ‘மூத்தோர்’ என்று போடலாமே என்பார்கள். மூத்தோர் ஒப்பீட்டுச் சொல். நாலு வயதுத் தம்பிக்கு ஏழு வயது அக்கா மூத்தவள். இல்லத்துக்குப் பயந்து சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்ன?

அப்புறம் அந்த ‘வாழ்நாள் முழுவதுமான கற்றல்’. ‘வாழ்நாள் கல்வி’ என்றால் போதும். வள்ளுவர் 397ஆம் குறளில் ‘சாந்துணையும்’ என்கிறார், சாகும் வரை என்று. ‘சாந்துணைக் கல்வி’ என்று அழைப்பிதழில் போட எந்தக் கல்லூரி முதல்வரும் துணிய மாட்டார், அது வேறு விஷயம். ஆனால் வாழ்நாள் கல்வி தொட்டில் முதல் எல்லாருக்கும் உரியது. அறுபதுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் நடக்கும் வகுப்புக்கு முதியோர் கல்விதான் பெயர். இரண்டையும் ஒரே வரியில் திணிப்பது, இரண்டையும் புரிந்துகொள்ளாமல் வரிக்கு வரி பெயர்ப்பவர் வேலை.

அவர்களுக்கு இன்னும் தீனி இருக்கிறது. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் முதியவர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அதன் பெயரில் உள்ளது வாழ்க்கையின் மூன்றாம் பருவம். அதை ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ என்று தமிழாக்கினால் படிப்பவருக்குப் பால்வாடிதான் தோன்றும்.