பழைய கேம்பர் வேனின் முன் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், சாலையில் ஓடத் தகுதியா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை 2018 மே முதல் கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் 1967 முதல் 1979 வரை தயாரான ஃபோக்ஸ்வாகன் 'பே விண்டோ' (முன்னால் வளைந்த ஒரே கண்ணாடி) கேம்பர்கள், அதாவது உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வேன்கள், எல்லாமே இந்த வயதைத் தாண்டிவிட்டன. விரும்பினால் சோதனைக்கு விடலாம், விடுகிறவர்கள் குறைவு. பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெயின்ட் பளபளக்கும், மெத்தையும் அடுப்பும் புதுசாக இருக்கும். முன் சக்கரத்தை மட்டும் பல வருஷமாக யாரும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்குக் கவலை அதுதான்.

ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் அந்த அதிர்வைத் தணிக்கும் டேம்பரை மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் நடுக்கம் அடங்கும், ஆனால் தேய்ந்த பாகம் தேய்ந்தபடியே ஓடும். கெடுதல் இருப்பதைக் காட்டிக்கொடுத்த அறிகுறியும் போய்விடும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங்கைப் பாருங்கள். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு), இல்லையென்றால் ஆக்சில் குழாய்க்குள் இருக்கும் பேரிங்.

சரி, வீல் பேரிங் என்றே வைத்துக்கொள்வோம். உடனே நட்டை முறுக்கிவிடாதீர்கள். நட்டுக்கு உள்ளே இருக்கும் வாஷரை ஸ்குரூடிரைவர் முனையால் தள்ளினால் லேசாக நகர வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெடும். இடது சக்கரத்தின் நட்டுக்குத் தலைகீழ் மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் பலம் போட்டு நாசமாக்கிய மரைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்பீடாமீட்டர் கேபிளும் அதே பக்கத்து கிரீஸ் மூடியில்தான் மாட்டியிருக்கும். முனையில் உள்ள பின்னை எடுத்த பிறகே மூடியைக் கழற்றுங்கள்.

இந்த வண்டிக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங் கிடையாது. குறுக்கே இரண்டு குழாய்கள். உள்ளே அடுக்கிய எஃகுப் பட்டைகள் முறுக்கிக்கொண்டு பாரம் தாங்குகின்றன. அந்தக் குழாய்களின் பேரிங்குகளுக்கு கிரீஸ்தான் உயிர். சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி வைத்து, பழைய கிரீஸ் வெளியேறி புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். விட்டுவிட்டால் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். அப்புறம் முழு ஆக்சிலையே இறக்க வேண்டி வரும். செலவு பால் ஜாயிண்ட் மாற்றுவதைவிடப் பல மடங்கு.

பால் ஜாயிண்டை சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது, அழுத்தி ஏற்றும் பிரஸ் வேண்டும். மாற்றியதும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

டயர் 185 ஆர் 14 சி, அதாவது அதிக பாரம் தாங்கும் வேன் டயர். கார் டயர் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர் என்று இந்த வண்டி சுமப்பது அதிகம். டயரின் பக்கவாட்டில் 'DOT' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் வருடமும். பிரிட்டனில் லாரி, பஸ்களின் முன் சக்கரத்தில் 10 வருடம் தாண்டிய டயருக்கு 2021 பிப்ரவரி முதல் தடை. கேம்பருக்கு அந்தச் சட்டம் இல்லை என்றாலும், அந்த வயது தாண்டிய டயரைக் கண்டால் பள்ளம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றத்தான் சொல்கிறேன்.