காலியாக இருந்த மத்தியானக் கட்டம்

அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர் எதிர்த்த மெடிக்கல்காரர். “நம்ம வாத்தியார் பெரிய ஆளாயிட்டார் டாக்டர், பாருங்க” என்று கூடவே ஒரு குரல் பதிவு. திறந்தால், வெட்டாற்றங்கரைக் கிராமத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினோரு வருடமாக என்னிடம் சர்க்கரைக்கு வருகிறவர், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிறார். பக்கத்தில் குளுக்கோமீட்டர், சொம்பில் ஆவாரம்பூ கஷாயம், முறத்தில் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கி வந்த மாப்பிள்ளை சம்பா. மேலே மஞ்சள் எழுத்தில், ‘மாத்திரையே இல்லாமல் சர்க்கரையை விரட்டிய ஆசிரியர்!’

எனக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான். போன மாதம்தான் அவருக்குச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தேன்.

அடுத்த வாரம் வந்தபோது கேட்டேன். “சொன்னேன் டாக்டர். டாக்டர்கிட்ட கேட்டுத்தான் ரெண்டு மாத்திரைய ஒண்ணாக் குறைச்சேன்னு தெளிவாச் சொன்னேன். அத வெட்டிட்டாங்க.” நாற்பது நிமிடம் பேசியதை ஆறு நிமிடமாகச் சுருக்கியிருக்கிறார்கள். அதில் மாத்திரை போய்விட்டது. ஒன்பது கிலோ எடை குறைந்தது போய்விட்டது. விடியற்காலையில் ஆற்றங்கரையோடு நாலு கிலோமீட்டர் நடப்பது ஒரே ஒரு வார்த்தையாக வந்து போகிறது. கஷாயம் மட்டும் மூன்று இடத்தில் வருகிறது.

வெட்டினார்கள் என்று சேனல்காரர்கள் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. வாத்தியார் தன் நோட்டை நீட்டினார். நாற்பது பக்க நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, காலை, மத்தியானம், இரவு என்று கட்டம் கட்டியிருந்தார். காலைக் கட்டத்தில் 112, 118, 109, 121 என்று நீல மையில் வரிசையாக எண்கள். மத்தியானக் கட்டம் நாலு மாதமும் காலி.

“ஏன் சார், சாப்பிட்ட பிறகு பார்க்கறதில்லையா?”

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆரம்பத்துல ரெண்டு நாள் பாத்தேன் டாக்டர். மனசு கஷ்டமாயிடுச்சு. விட்டுட்டேன்.”

நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோதனை, காண்பன, முடிவு என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதச் சொல்லிக் கொடுத்தவர். தன் உடம்பு என்று வந்ததும் பிடித்த காண்பனவை மட்டும் எழுதியிருக்கிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் என் எடையைச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் பார்க்கிறேன்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தோம். 7.8 சதவீதம் வந்தது. சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் இலக்கு. வெறும் வயிற்றில் நன்றாக இருந்து, மத்தியானம் ஒரு தட்டுச் சோற்றுக்குப் பிறகு 250, 260 என்று ஏறி இறங்கும் உடம்புக்கு இப்படித்தான் வரும். நம் ஊரில் இது ரொம்ப சாதாரணம். மூன்று போகம் பார்த்த மண், மத்தியானச் சாப்பாடு என்றால் சோறுதான். மாப்பிள்ளை சம்பாவில் நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை ஏறுவதும் வெள்ளை அரிசியைவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கலாம். ஆனால் அதுவும் சோறுதான். அளவு குறையாமல் அரிசியை மட்டும் மாற்றினால் கணக்கு பெரிதாக மாறாது. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 180க்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டு மெஷினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது நல்ல கருவி, நானே வாங்கச் சொல்கிறேன். ஆனால் அது ஆய்வகத் தராசு இல்லை. 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரவிதிப்படி, நூறும் அதற்கு மேலும் உள்ள எண்களில் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டினாலும் அந்த மெஷின் தேர்ச்சி. அதாவது நேற்று 126, இன்று 113 என்றால் கஷாயம் 13 புள்ளி குறைத்தது என்று அர்த்தமில்லை. இரண்டும் ஒரே எண்ணாகவே இருக்கலாம். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் எகிறும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் தப்பாகக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டு, ஐப்பசி ஈரத்தில் நமத்துப்போன ஸ்ட்ரிப்பில் பார்த்தால் வருகிற எண்ணை நம்பவே முடியாது.

வாத்தியார் சும்மா விடுகிற ஆள் இல்லை. “ஆஸ்திரேலியாவுல ஒரு டாக்டர் கிருமியக் குடிச்சுப் பாத்து நோபல் வாங்கலையா? அதுவும் தன் உடம்புல தானே செஞ்ச சோதனைதானே?” என்றார். உண்மைதான். பாரி மார்ஷல், இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் காரணம் என்று தான் நம்பிய ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை 1984இல் குடித்தார். 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். ஆனால் குடிப்பதற்கு முன்பே எண்டோஸ்கோப்பி செய்து தன் இரைப்பை நன்றாக இருக்கிறது என்று பதிவு செய்துவிட்டுத்தான் குடித்தார். பத்தாம் நாள் மறுபடி குழாய் விட்டு, இரைப்பையில் அழற்சி வந்திருந்ததைப் பதிவு செய்தார். அவர் மேல் நம்பிக்கையில்லாதவர்களும் சோதித்துப் பார்க்கும்படி எழுதி வெளியிட்டார். “அவர் மத்தியானக் கட்டத்தைக் காலியா விடல சார்” என்றேன். வாத்தியார் சிரித்துவிட்டார்.

சர்க்கரை மாத்திரை இல்லாமலே கட்டுக்குள் வருவது கட்டுக்கதை என்று நான் சொல்ல வரவில்லை. 2017இல் பிரிட்டனில் வெளியான ‘டைரக்ட்’ ஆய்வில், கடுமையான உணவுத் திட்டத்தில் எடையைக் குறைத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரையே தேவைப்படாத நிலை வந்தது. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் எல்லாம், இன்சுலின் சுரந்தும் போதாமல் போகிற இரண்டாம் வகைச் சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். யாருக்கு வந்த நோய், எந்த வகை, எத்தனை வருடப் பழையது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் செய்தி. ஆறு நிமிட வீடியோவில் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

அது வெட்டுப்பட்டதன் விலையை நான் அடுத்த மாதமே பார்த்தேன்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு புதன்கிழமை இரவு ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். பத்தொன்பது வயது. எட்டு வயதிலிருந்து இன்சுலின். முதல் வகைச் சர்க்கரை. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்ட நோய் அது. வெளியிலிருந்து போட்டால்தான் உயிர். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, வாயில் அழுகிய பழ வாடை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊசியை நிறுத்தியிருக்கிறார்கள்.

“அந்த சார் வீடியோல சொன்னத செஞ்சோம் டாக்டரய்யா” என்றார் அம்மா. பதினோரு வருடமாகப் பிள்ளைக்குத் தினம் நாலு ஊசி குத்திய கை அது. யாரோ நம்பிக்கை கொடுத்தால் அந்தக் கை ஊசியைக் கீழே வைக்கத்தானே பார்க்கும்?

“வீட்ல மெஷின் வச்சுப் பாக்கலியாம்மா?”

“பாத்தோம் ஐயா. நம்பரே வரல. ஹாய்னு வந்துச்சு. பாப்பாதான் படிச்சுச் சொன்னா.”

அது ஹாய் இல்லை, ‘ஹை’. பெரும்பாலான மெஷின்கள் 600க்கு மேல் போனால் எண்ணைக் காட்டாமல் ஆங்கிலத்தில் அந்த இரண்டு எழுத்தைத்தான் காட்டும். அதேபோல் ரொம்பக் கீழே இறங்கினால் ‘லோ’. இரண்டுமே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம். மெஷின் விற்கும்போது இதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் என் நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறேனா என்று அன்று இரவு யோசித்தேன். எல்லோருக்கும் சொல்லவில்லை.

சலைன் ஏற்றி, 108இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். பையன் பிழைத்துக்கொண்டான்.

என் முப்பது வருட அனுபவத்தில், ‘நானே சோதித்தேன், நானே குணமானேன்’ என்று வருகிற பேட்டிகளில் பெரும்பாதி, தானே சரியாகிப் போகிற நோய்களைப் பற்றியவை. மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் சோற்றுப் பருக்கையைப் போட்டு மஞ்சளாகிறதா என்று பார்ப்பது, கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிப்பது, இரண்டு வாரத்தில் கண் வெளுத்ததும் கேபிள் டிவிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வது. தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ என்றால் கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அநேகமாகச் சில வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் நடவும் களையெடுப்பும் நடக்கிற மழை மாதங்களில் நம் வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கிறது. அதிலும் கண் மஞ்சளாகும். கூடவே கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு, கடைசியில் சிறுநீரகம். ஆரம்பத்திலேயே வந்தால் சாதாரண டாக்சிசைக்ளின் மாத்திரையில் முடிகிற விஷயம். ஒரு வாரம் கீழாநெல்லியில் ஓட்டிவிட்டு, சிறுநீர் நின்றுபோய் வந்தவர்களை டயாலிசிஸுக்கு அனுப்பியிருக்கிறேன். டெங்குவில் பப்பாளி இலைச்சாறு குடித்ததும் தட்டணு (பிளேட்லெட்) ஏறியது என்பதும் இந்தக் கணக்குதான். ஏழாம் நாளுக்கு மேல் அது தானாகவே ஏறத் தொடங்கும் நேரம். விஷமில்லாத பாம்பு கடித்துப் பிழைத்தவர்தான் வேர் கட்டியதன் மகிமையைப் பேட்டி கொடுப்பார். கண்ணாடி விரியன் கடித்து வேர் கட்டியவரிடம் மைக்கை நீட்ட முடியாது.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், நண்பர்கள் வீட்டில் நடந்த பிரசவ அனுபவத்தையும் யூடியூப் வீடியோக்களையும் நம்பி வீட்டிலேயே குழந்தை பெற்று, ரத்தப்போக்கில் இறந்துபோனது பலருக்கும் நினைவிருக்கும். அந்த நண்பர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நல்லபடியாகத்தான் நடந்திருக்கிறது.

அதற்காக வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எங்கள் ஊர் மகளிர் குழுவில் ஒரு அம்மா, குளிக்கும்போது மார்பில் கோலிக்குண்டு மாதிரி தட்டுப்பட்டதை உள்ளூர்ப் பத்திரிகைக்காரரிடம் பேர் போட்டே சொன்னார். “தடவிப் பாத்தது நான். என்னன்னு சொன்னது டாக்டர்” என்று அதில் ஒரு வரி. அந்த இதழ் வந்த மாதத்தில் மூன்று பெண்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்கள். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவருக்கு ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்து அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நடவுக்குப் போகிறார். நான் பத்து முகாம் போட்டிருந்தாலும் அது நடந்திருக்காது.

பேட்டி கேட்டு வந்தால் கொடுங்கள். என்ன மருந்து இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தை வெட்டுவது கொஞ்சம் கஷ்டம். போடுவதற்கு முன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை கேமராவுக்குக் காட்டாதீர்கள். அதில் உங்கள் பேர், வயது, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் அப்பாவின் பழைய வீடியோவை எடுத்து வைத்துப் பேசிய வீட்டை எனக்குத் தெரியும். உங்கள் முகத்துக்குக் கீழே ஏதாவது பொடி, எண்ணெய் வாங்க ஒரு போன் நம்பர் ஓடினால் அது அனுபவப் பகிர்வு இல்லை, விளம்பரம். 1954ஆம் ஆண்டு மந்திர மருந்து விளம்பரச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், கண்புரை, ரத்த அழுத்தம் உட்பட 54 நோய்களுக்குக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் விளம்பரம் என்பதற்கு ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ செய்யும் அறிவிப்பு என்றெல்லாம் விளக்கம் உண்டு. புகை வரைக்கும் யோசித்தவர்கள் திண்ணையில் வைக்கிற மொபைலை யோசித்திருக்க வழியில்லை, இருந்தாலும் அதுவும் ஒளியும் ஒலியும்தான்.

வாத்தியாரிடம் அந்தப் பையன் விஷயத்தைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கேட்டுவிட்டு எதுவும் பேசவில்லை. பிறகு, “அவங்க நாப்பது நிமிஷம் உக்காந்து கேட்டாங்க டாக்டர். அதான் பேசிட்டேன்” என்றார். மாலை ஓபியில் தொண்ணூறு பேர் பார்க்கிறேன். பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவைகூட அவருக்கு நான் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கொடுத்ததில்லை. நோட்டின் மத்தியானக் கட்டத்தை நாலு மாதமாக நானும் திருப்பிப் பார்க்கவில்லை.

சேனலுக்குப் போன் செய்து, முழு விவரத்தோடு இன்னொரு வீடியோ போடலாம் என்று கேட்டிருக்கிறார். “அது நெகட்டிவா இருக்கும் சார். அறுபது வயசுலயும் கண்ணாடி போடாம படிக்கிறீங்களே, அத எடுக்கலாமா?” என்றானாம் சேனல் பையன். பழைய வீடியோ அப்படியேதான் இருக்கிறது.

வாத்தியார் ஒரு முழுத்தாளில், கரும்பலகை எழுத்தில், எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்தார். எந்த மாத்திரை, எத்தனை கிலோ, எவ்வளவு நடை, 7.8, ‘இன்சுலின் போடுபவர்கள் என்னைப் பார்த்து நிறுத்தாதீர்கள்’ என்பது வரை. காத்திருக்கும் இடத்தில் தினசரி காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். டோக்கன் வாங்கி உட்காருகிறவர்கள் எழுந்து போய்ப் படிக்கிறார்கள்.

போன வாரம் வந்தபோது நோட்டைக் கேட்காமலே நீட்டினார். மத்தியானக் கட்டத்தில் சிவப்பு மையில் 231, 208, 214, 192. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக, ‘ஒரு கரண்டி குறைத்தது’ என்று எழுதியிருந்தார்.