மரமில்லாத ஊதா மலை: ஹெதர் எப்படிப் பிழைக்கிறது?

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்டீன் நகரத்துக்கு வடமேற்கே, பெனஹீ என்று ஒரு மலை. மலை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இருப்பதிலேயே உயரமான உச்சி 528 மீட்டர்தான். ஆனால் எல்லாரும் ஏறிப் படம் எடுப்பது அதைவிடப் பத்து மீட்டர் குறைவான மிதர் டாப் என்ற பாறை முடியை. அதைச் சுற்றி, பிக்ட் எனப்படும் பழங்கால ஸ்காட்லாந்து மக்கள் காலத்துக் கல்கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. அடிவாரத்தில் ஊசியிலைக் காடு, அதைத் தாண்டினால் மரங்கள் குறைந்து, முழங்கால் உயரத்துக்கு எங்கு பார்த்தாலும் ஒரே குறுஞ்செடி: ஹெதர். ஆகஸ்டில் அது பூக்கும்போது மேல்சரிவு மொத்தமும் ஊதா. பார்க்கிற யாருக்கும் இது மனிதக் கை படாத இயற்கை என்றுதான் தோன்றும். அது உண்மையில்லை என்பதுதான் இந்த மலையின் சுவாரசியமே.

மண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். அடிப்பாறை இளஞ்சிவப்பு கிரானைட், சுமார் 40 கோடி வருடம் பழசு. கிரானைட் உதிர்ந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். சுண்ணாம்புச்சத்தோ பாஸ்பரஸோ அதில் சொற்பம். போதாததற்குக் குளிரும் மழையும். உதிர்ந்த இலை அந்தக் குளிரில் முழுசாக மக்காமல் கறுப்பு அடுக்காகச் சேர்கிறது, அதன் வழியே இறங்கும் தண்ணீர் அமிலமாகி, மேல்மண்ணில் இருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் குழி தோண்டினால் கண்ணாலேயே பார்க்கலாம்: மேலே கறுப்பு, அடுத்து எல்லாம் கழுவிப்போன சாம்பல் நிறம், அதற்கும் கீழே துருப்பிடித்த ஆரஞ்சு. பாட்சால் என்று இந்த மண்ணுக்குப் பெயர். சில இடங்களில் அந்த இரும்பு மெல்லிய கெட்டித் தகடாகவே இறுகிவிடும், அப்புறம் தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது.

இந்த மண்ணில் நைட்ரஜன் இல்லாமலில்லை. மக்காத குப்பைக்குள் புரதமாகவும், செத்த பூஞ்சைகளின் செல்சுவரில் கைட்டின் என்ற கெட்டிப் பொருளாகவும் கிடக்கிறது. பெரும்பாலான செடிகளால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஹெதருக்கு ஒரு கூட்டாளி உண்டு. அதன் நுனிவேர்கள் மயிரிழை போல மெல்லியவை. அவற்றின் வெளிச்செல்களுக்குள்ளேயே ஒரு பூஞ்சை புகுந்து சுருள் சுருளாகக் குடியிருக்கிறது. பூஞ்சையின் இழைகள் மண்ணுக்குள் நீண்டு, நொதிகளைச் சுரந்து, புரதத்தை உடைத்து நைட்ரஜனைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும். ஹெதர் உதிர்க்கிற குப்பையும் அமிலம்தான், லேசில் மக்காத ரகம். அதாவது தனக்குப் போட்டியாக யாரும் வராத அளவுக்கு மண்ணை அது மோசமாகவே வைத்திருக்கிறது. ஹெதருக்கு நடுவே நட்ட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் வருடக்கணக்கில் மஞ்சளடித்து வளராமல் நிற்பது அங்கே மரம் வளர்ப்பவர்களுக்குப் பழகிய தலைவலி. (நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடெண்ட்ரான், இதே குடும்பம்தான். அதுவும் அமில மண்ணில்தான் செழிக்கும்.)

சரி, மண்ணைச் சொல்லியாயிற்று, ஆனால் மரமில்லாததற்கு மண் மட்டும் காரணமல்ல. பைனும் பிர்ச்சும் இதே மண்ணில் வளரக்கூடியவை, ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் இத்தகைய சரிவுகளில் பெரும்பாலும் மரங்கள்தான் இருந்தன. வெட்டியதும் எரித்ததும் ஆடுமாடு மேய்த்ததும் மனிதர்கள். பெனஹீயிலேயே 19-ம் நூற்றாண்டில் நிலமில்லாத குடும்பங்கள் பொதுநிலத்தில் வீடு கட்டி, கல் பொறுக்கிச் சுவர் எழுப்பி வாழ்ந்தன. 1859-ல் சுற்றியிருந்த ஜமீன்கள் அந்தப் பொதுநிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. அந்தச் சுவர்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. தீயும் மேய்ச்சலும் நின்றுபோன இடங்களில் ஹெதருக்கு நடுவே பைன் கன்றுகள் தலைநீட்டத் தொடங்கும், விட்டால் சில பத்தாண்டுகளில் மறுபடியும் காடுதான்.

தீயை ஹெதர் தாங்கும் விதம் தனி. ஒரு செடிக்கு ஆயுள் 30, 40 வருடம். வயதானால் தண்டு முற்றி, நடுவில் பிளந்து சரிந்துவிடும். இளஞ்செடி எரிந்தால் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும், முற்றிய செடிக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதற்கு மாற்றாக விதை இருக்கிறது: தூசி அளவே இருக்கும், மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், லேசான சூடும் புகையும் பட்டால் முளைக்கத் தூண்டப்படும். இதை வைத்துத்தான் வேட்டை எஸ்டேட்டுகளில் ஹெதரைச் சிறுசிறு திட்டுகளாக, 10 முதல் 20 வருடத்துக்கு ஒருமுறை எரிக்கிறார்கள். தழை எரியும்போது ஈரமண் பெரிதாகச் சூடாவதில்லை, நல்லபடியாக எரித்தால். மோசமாக எரித்தால் அடியிலிருக்கும் கரிமண்ணே, அதாவது முழுசாக மக்காத செடிகள் சேர்ந்து உருவான கறுப்பு மண்ணே, பற்றிக்கொள்ளும், அதில் சேர்ந்திருக்கும் கார்பன் எல்லாம் காற்றில் போகும். 2024-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், எரிக்க உரிமம் வேண்டும் என்கிறது. 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகக் கரிமண் இருந்தால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. தாமதமான சட்டம் என்பது என் கட்சி.

இவ்வளவு சிரமப்பட்டு எரிப்பது யாருக்காக? ரெட் கிரவுஸ் என்ற பறவைக்காக, இன்னும் சரியாகச் சொன்னால் ஆகஸ்ட் 12 முதல் அதைச் சுட வருபவர்களுக்காக. கௌதாரியைவிடக் கொஞ்சம் பெரிசு, செம்பழுப்பு நிறம், கால்விரல் வரை இறகு. குளிர்காலத்தில் இதன் சாப்பாடு ஏறக்குறைய ஹெதர் நுனி மட்டும்தான். எரித்த இடத்தில் வரும் இளந்துளிர் தின்ன, பக்கத்திலேயே எரிக்காத உயரமான புதர் ஒளிந்துகொள்ள. அதனால்தான் திட்டுத்திட்டாக எரிப்பது. நார் நிறைந்த அந்தத் தழையை மென்று தின்னப் பல் இல்லை, எனவே சிறு கற்களை விழுங்கி இரைப்பையில் அரைக்கிறது, பிறகு குடலோடு ஒட்டிய இரண்டு நீண்ட குருட்டுக்குடல்களில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன.

அதே குருட்டுக்குடலில் ஒரு நூற்புழுவும் வாழ்கிறது. முட்டை எச்சத்தோடு வெளியே வரும், குஞ்சுப்புழு ஈரமான ஹெதர்த் தண்டில் ஏறி நுனியில் போய் உட்காரும், கிரவுஸ் அந்த நுனியைத்தானே கொத்தும்! பறவை பெருகினால் புழு பெருகும், புழு பெருகினால் பறவை மெலிந்து, குஞ்சு குறைந்து, கூட்டம் சரியும். வடக்கு இங்கிலாந்தில் பறவைகளுக்குப் புழு மருந்து கொடுத்துப் பார்த்தபோது சரிவு வெகுவாகக் குறைந்தது என்று 1998-ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. இன்னொரு தரப்பு, சேவல்களின் எல்லைச் சண்டைதான் காரணம் என்றது. 2003-ல் வெளியான ஆய்வில், சேவல்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை வைத்து முரட்டுத்தனத்தைக் கூட்டியபோதும் எண்ணிக்கை விழுந்தது. இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன என்றே எனக்குப் படுகிறது.

ஹெதரை நம்பி வாழும் மற்ற உயிர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றோடு நிறுத்துகிறேன். எம்பரர் அந்துப்பூச்சியின் புழு பச்சை உடம்பில் கறுப்பு வளையங்களோடு ஹெதரைத் தின்று வளர்ந்து, செடியிலேயே பழுப்புக் கூடு கட்டும். கூட்டின் வாயைச் சுற்றி விறைப்பான இழைகள் வெளிப்பக்கம் குவிந்து நிற்கும்: மீன்பறியைத் திருப்பி வைத்தது போல, உள்ளே இருப்பது வெளியே வரலாம், வெளியே இருப்பது உள்ளே போக முடியாது.

பூக்கும் காலத்தில் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளை இதுபோன்ற மலைகளுக்கே கொண்டுபோய் வைப்பார்கள். ஹெதர் தேனில் புரதம் அதிகம் என்பதால் அது அடையில் ஜெல்லியாக உறைந்து நிற்கும். கலக்கினால் இளகி ஓடும், சும்மா விட்டால் மறுபடி உறையும். மற்ற தேனைப் போல அடையைச் சுழற்றி எடுக்க வராது, அழுத்திப் பிழிய வேண்டும். விலை அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போவதாக இருந்தால் ஆகஸ்டின் பிற்பாதி நல்லது. ஹெதருக்குள் நடந்தால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், செடி நுனியில் உண்ணிகள் காத்திருக்கும், சிலவற்றில் லைம் நோய்க் கிருமி இருக்கும். ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டிச் சிமிட்டாவால் பிடித்து நேராக இழுங்கள்; பின்னர் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.