சுகாதார பட்ஜெட் கூடினாலும் வரிசை ஏன் நீள்கிறது?

புதன்கிழமை நண்பகலில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் நடக்கும் பிரதமர் கேள்வி நேரத்தைப் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன சண்டை. தேசிய சுகாதார சேவைக்கு (என்எச்எஸ்) வரலாறு காணாத நிதி கொடுத்திருக்கிறோம் என்பார் பிரதமர். நிதியைச் சுருக்கிவிட்டீர்கள், ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன என்பார் எதிர்க்கட்சித் தலைவர். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். பல நேரங்களில் இருவர் சொல்வதும் உண்மை.

எப்படி? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். போன ஆண்டு ஒதுக்கீடு 100 ரூபாய் என்று வையுங்கள், இந்த ஆண்டு 103. விலைவாசி 2 சதவீதம் ஏறியிருக்கிறது, மக்கள்தொகை அரை சதவீதம் கூடியிருக்கிறது. வயதானவர்களின் விகிதம் கூடியதால் சராசரி மனிதருக்கு ஆகும் சிகிச்சைச் செலவு 1 சதவீதம் உயர்ந்திருக்கிறது. போன ஆண்டு கொடுத்த அதே சேவையைக் கொடுக்கவே இப்போது 103 ரூபாய் 50 காசுக்கு மேல் வேண்டும். அமைச்சர் 3 ரூபாய் கூட்டினார், அதுவும் உண்மை. நோயாளிக்குக் கிடைப்பது குறைந்தது, அதுவும் உண்மை.

இந்தக் குழப்பத்துக்கு என்எச்எஸ்ஸின் வயதுதான் வயது. 1948 ஜூலை 5 அன்று இந்த இலவச சேவை தொடங்கியதும் அதுவரை காசில்லாமல் பல்லையும் கண்ணையும் கவனிக்காமல் விட்டிருந்தவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். முதல் ஆண்டிலேயே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் போயின. மதிப்பீடுகள் எல்லாம் தாண்டிப்போயின. கொரியப் போருக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல், 1951 பட்ஜெட்டில் மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலை வசூலிக்க முடிவெடுத்தார். அந்த ஆண்டு அதனால் மிச்சமாவது சுமார் 1 கோடியே 30 லட்சம் பவுண்டு. மொத்தச் செலவில் சொற்பம். ஆனாலும் இந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அவரோடு பின்னாள் பிரதமர் ஹரால்ட் வில்சனும் வெளியேறினார்.

அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் அரசு, செலவு கட்டுக்கடங்காமல் போகிறது என்ற எண்ணத்தோடு 1953இல் ஒரு குழுவை அமைத்தது. தலைவர், கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் கில்போ. ரிச்சர்ட் டிட்மஸ், பிரையன் ஏபெல்-ஸ்மித் என்ற இருவர் கணக்கைப் பிரித்து மேய்ந்தார்கள். 1956இல் வெளிவந்த முடிவு பலரைத் திகைக்கவைத்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுகாதார சேவைக்குப் போன பங்கு 1949-50இல் 3.75 சதவீதம், 1953-54இல் 3.25. பவுண்டில் செலவு ஏறியிருந்தது, பங்கில் இறங்கியிருந்தது. வீண்செலவைக் கண்டுபிடிக்கப் போன குழு, கட்டடங்களுக்குப் போதிய பணம் போடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தது.

அதற்காக 'உற்பத்தியில் பங்கு' என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2009இல் பிரிட்டனின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 4 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெரிதாகும். ஒரு நர்ஸைக்கூடக் கூடுதலாக நியமிக்காமலேயே சுகாதாரத்தின் பங்கு உயர்ந்துவிடும்.

கணக்கை நன்றாகக் காட்ட இன்னொரு வழி, எதைச் 'சுகாதாரச் செலவு' என்கிறோம் என்ற எல்லையையே நகர்த்துவது. 2015க்கு முன்பு சுகாதாரச் செலவை வெட்டாமல் பாதுகாப்போம் என்று அரசு சொன்னால் சுகாதாரத் துறை முழுவதும் அதில் அடங்கும். அந்த ஆண்டின் செலவுத் திட்டத்தில் அந்த வாக்குறுதி, இங்கிலாந்தில் சேவையை நிர்வகித்த அமைப்பான என்எச்எஸ் இங்கிலாந்தின் பட்ஜெட்டுக்கு மட்டும் என்று சுருங்கியது. புகைப்பழக்கத்தை விடவைக்கும் மையங்கள், பாலியல் நோய் கிளினிக்குகள் போன்றவற்றை நடத்த உள்ளாட்சிகளுக்குப் போகும் நோய்த்தடுப்பு மானியம் எல்லைக்கு வெளியே போய்விட்டது. வெட்டு அங்கே விழுந்தது. நோய்த்தடுப்பில் இதுதான் தொல்லை: இன்று வெட்டினால் இன்றே பணம் மிச்சம், பாதிப்பு தெரியப் பத்து வருடம் ஆகும். அதற்குள் அமைச்சர் மாறியிருப்பார்.

விலைவாசி உயர்வுக்கு ஈடுகட்டினால் போதுமா என்றால், அதுவும் போதாது. 1966இல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் கலைத்துறையின் செலவை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஒரு இசைப்படைப்புக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான். தொழிற்சாலையில் ஒரு ஆளின் உற்பத்தி பல மடங்கு பெருகி, அங்கே சம்பளமும் ஏறும். இங்கே உற்பத்தி பெருகாவிட்டாலும் சம்பளத்தை ஏற்றித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆள் நிற்காது. காயத்துக்குக் கட்டுப் போடும் நர்ஸின் கதையும் இதேதான். நிர்வாகம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் சுகாதாரத்தின் செலவு மற்றவற்றைவிட வேகமாக ஏறுவதற்கு இது ஒரு காரணம். சபையில் இதைச் சொல்லி யாரும் கைதட்டல் வாங்கியதாகத் தெரியவில்லை.

சரி, வரிசைக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் சுவையாகப் படுவது இந்தப் பகுதிதான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர், எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்புகள் தேங்காது என்று கணக்கிடப் புகுந்து 1909இல் வரிசைக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டார். ஆஸ்பத்திரிக்கும் அதே கணிதம்தான்.

ஒரே ஒரு டாக்டர். ஒரு நோயாளிக்குச் சராசரியாக 10 நிமிடம், சிலருக்கு இரண்டு, சிலருக்கு இருபது. நோயாளிகள் முன்பதிவின்றி இஷ்டத்துக்கு வருகிறார்கள். இடைவிடாமல் பார்த்தால் மணிக்கு 6 பேரைப் பார்க்கலாம். மணிக்குச் சராசரி 4.8 பேர் வந்தால் டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பும்; நோயாளி சராசரியாக 40 நிமிடம் காத்திருப்பார். 5.4 பேர் வந்தால் 90 சதவீதம் நிரம்பும். காத்திருப்பு 90 நிமிடம். 5.7 பேர் வந்தால் 95 சதவீதம், 190 நிமிடம். பாருங்கள், 90க்கும் 95க்கும் இடையில் கூடியது பத்து மணி நேரத்துக்கு மூன்றே நோயாளிகள். காத்திருப்போ இரட்டிப்புக்கும் மேல்.

காரணம் எளிது. ஆள் வராமல் டாக்டர் சும்மா இருந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்து வைத்துக் கூட்டம் வரும்போது செலவழிக்க முடியாது. தேங்கிய கூட்டம் மட்டும் அப்படியே அடுத்த மணிக்கு நகரும். எனவே முழுத் திறனை நெருங்க நெருங்க வரிசை செங்குத்தாக ஏறுகிறது. செலவு 5 சதவீதம் கூடினால் சேவையும் 5 சதவீதம் மேம்படும் என்ற நேர்கோட்டு நினைப்பு சபையில் இரு பக்கமும் உண்டு. அது இங்கே செல்லாது. தளர்வாக இயங்கும் இடத்தில் அதே 5 சதவீதம் கண்ணுக்கே தெரியாது, நெரிசலான இடத்தில் வரிசையைப் பாதியாக்கிவிடும்.

படுக்கைகள் பல இருந்தால் ஏற்ற இறக்கம் ஓரளவு சமன்படும் என்பதால் பெரிய ஆஸ்பத்திரி சற்றுக் கூடுதலாக நிரம்பினாலும் தாங்கும். வளைகோட்டின் வடிவம் மட்டும் மாறாது. 200 படுக்கைகள் கொண்ட ஓர் ஆஸ்பத்திரியைக் கணினியில் உருவகப்படுத்தி, 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி நிரம்பல் 85 சதவீதத்தைத் தாண்டும்போதே அவசர நோயாளிக்குப் படுக்கை கிடைக்காத ஆபத்து தென்படுகிறது, 90ஐ எட்டினால் தட்டுப்பாடு வாடிக்கையாகிவிடுகிறது என்றது அது.

இங்கிலாந்தில் 1987-88இல் ஏறத்தாழ 3 லட்சம் படுக்கைகள் இருந்தன, 2019-20இல் சுமார் 1.4 லட்சம். மனநல நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வெளியே பராமரிக்கப்பட்டதும், அறுவை சிகிச்சை முடிந்த அன்றே வீடு திரும்ப முடிந்ததும் இதற்கு நியாயமான காரணங்கள்தான். ஆனால் காலியாகக் கிடக்கும் படுக்கை வீண்செலவு என்ற வாதமும் கூடவே வந்தது. தணிக்கையாளரின் தாளில் அது வீண்தான். எர்லாங்கின் கணக்கில் அந்தக் காலிப் படுக்கைதான் அடுத்த ஆம்புலன்ஸைக் காக்கவைக்காமல் இருப்பது.

கொரோனாவுக்குப் பிந்தைய நெரிசலில், 2023-24க்கான திட்டத்தில் என்எச்எஸ் இங்கிலாந்து ஓர் இலக்கு வைத்தது: பெரியவர்களுக்கான பொதுப் படுக்கைகளின் நிரம்பலை 92 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ கொண்டுவருவது. தட்டுப்பாடு வாடிக்கையாகும் என்று 1999 ஆய்வு சொன்ன கோட்டை இன்னும் 2 புள்ளி தாண்டி நிற்கும் எண் அது.