பின்வாசலில் வந்து நின்ற உடும்பு எது? அதன் தொண்டை ஏன் உப்புகிறது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி இரண்டு படங்களும் ஒரு சின்னக் காணொளியும் அனுப்பியிருந்தார். வீட்டுக்குப் பின்னால், வாழை மரத்துக்கும் லோங்காங் என்கிற சாக்கடைக்கும் நடுவே ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு பிராணி. பக்கத்து வீட்டு அங்கிள் “இது கொமோடோ குட்டி” என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். மாமியாரோ முதலை என்கிறாராம். “ஓடி வந்து நின்றதும் தொண்டை உப்பி உப்பி அடங்கியது. விஷம் துப்பப் போகிறதா சார்?” என்பது அவருடைய கேள்வி.

அங்கிளின் பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். கொமோடோ டிராகன் இந்தோனேசியாவில் கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரஸ் முதலிய சில தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. மாமியார் சொல்வதும் சரியில்லை. முதலையால் நாக்கை வெளியே நீட்டவே முடியாது. காணொளியில் இருப்பதோ பாம்பைப் போல இரட்டை நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை மோப்பம் பிடிக்கிறது. ஆகவே உடும்புதான். எந்த உடும்பு?

தீபகற்ப மலேசியாவில் நான்கு வகை உடும்புகள் உண்டு. அவற்றில் இரண்டு பெரும்பாலும் காடும் அலையாத்தி மரங்களும் உள்ள பக்கம் வாழ்பவை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வீட்டுப் பின்வாசல் வரை வருவது மற்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று மலாயில் பியாவாக் ஆயர் என்ற நீர் உடும்பு, அறிவியல் பெயர் வாரானஸ் சால்வேட்டர். மற்றது வாரானஸ் நெபுலோசஸ். பேச்சு வசதிக்காக இதை நில உடும்பு என்று வைத்துக்கொள்வோம்.

பலர் நிறத்தைப் பார்த்து அடையாளம் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். நீர் உடும்பின் குஞ்சுக்குக் கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளிகள் வரிவரியாகப் பளிச்சென்று இருக்கும். வயதாக ஆக மங்கிப்போகும். அப்புறம் சாக்கடைச் சேறும் அப்பிக்கொண்டால் எல்லா உடும்பும் ஒரே சாம்பல் நிறம்தான். மூக்குத் துவாரம் மட்டும் ஏமாற்றாது. நீர் உடும்புக்கு அது வட்டமாக, மூஞ்சியின் நுனியை ஒட்டி இருக்கும். நில உடும்புக்கு ஒரு சாய்ந்த கீறலாக, நுனிக்கும் கண்ணுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும்.

இதில் காரணமில்லாமல் எதுவும் இல்லை. நீந்தும்போது மூஞ்சி நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தாலே நீர் உடும்புக்கு மூச்சுவிடப் போதும். நில உடும்போ சருகையும் மண்ணையும் மூஞ்சியால் கிளறி வண்டு, புழு, நத்தை பொறுக்குகிற ஜீவன். அதற்குத் துவாரம் நுனியில் திறந்து கிடந்தால் மண் ஏறாமல் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் தாத்தாக்கள் பார்த்த உடும்பு இந்த நில உடும்பின் மிக நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள்.

வாசகியின் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனியில் வட்டத் துவாரம். நீர் உடும்பு, சந்தேகமில்லை. தித்திவங்சா ஏரி பக்கத்திலேயே இருக்கும்போது செந்தூலுக்கு இது விருந்தாளியும் இல்லை. எலி, மீன், நண்டு, முட்டை, செத்த கோழி என்று எதையும் விடாமல் தின்பதால் நகரம் இதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. பெரும்பாலும் 2 மீட்டருக்குள் நின்றுவிடும். இலங்கையில் கண்டியில் அளந்த ஒன்று 3.21 மீட்டர் இருந்தது.

இப்போது தொண்டைக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஓணானைத் துரத்திப் பார்த்திருப்பீர்கள். விருட்டென்று பத்தடி ஓடும், நிற்கும். மறுபடி ஓடும், நிற்கும். பயத்தில் நிற்பதாக நினைப்போம். அதற்கு ஓர் இயந்திரக் காரணமும் உண்டு. பல்லி இனங்கள் ஓடும்போது உடம்பு இடமும் வலமுமாக வளைகிறது. அப்படி வளைப்பது விலாவைச் சுற்றியுள்ள தசைகள்; ஒரு பக்கம் சுருங்கும்போது மறுபக்கம் தளரும். மூச்சை இழுக்க விலா எலும்புகளை விரிப்பதும் அதே தசைகள்தாம், ஆனால் மூச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை செய்தாக வேண்டும். ஒரே தசை ஒரே நேரத்தில் இரண்டு எஜமானர்களுக்கு உழைக்க முடியாது. அதனால் வேகமாக ஓடும் பல்லிக்கு மூச்சு குறைகிறது. நின்றுதான் அந்தக் கடனை அடைக்கிறது. இந்தத் தடையை 1987இல் டேவிட் கேரியர் என்ற அமெரிக்க உயிரியலாளர் எடுத்துச் சொன்னார்.

அப்படியானால் உடும்பு எப்படி நிற்காமல் அவ்வளவு தூரம் ஓடுகிறது? விடை 1999இல் வந்தது. ஆப்பிரிக்காவின் சவான்னா உடும்பை ஓடுபொறியில் ஓடவிட்டு, ஓட ஓட எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். விலா பாதி மூச்சை இழுத்ததுமே உடும்பு தொண்டையை உப்பவைக்கிறது. நாக்கடியில் இருக்கும் எலும்பு கீழே இறங்கி, தொண்டை பைபோல விரிந்து, மூக்கு வழியாகக் காற்று உள்ளே வருகிறது. பிறகு வாயும் மூக்கும் அடைபட, தொண்டை இறுகி, அந்தக் காற்று முழுவதும் நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது. பொற்கொல்லர் துருத்தி ஊதுவதேதான். ஒரு மூச்சுக்கு ஒரு தடவை மட்டுமல்ல, இரண்டு மூன்று தடவையும் அமுக்கிக்கொள்ளும். ஓடுவதற்குத் தொண்டைத் தசைகள் தேவையில்லை அல்லவா? அதனால் இங்கே சண்டையே இல்லை.

இது வெறும் ஊகம் இல்லையா என்று கேட்டால், அதற்கும் ஒரு சோதனை செய்தார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். உடும்பின் வாய் மூடாதபடி ஒரு முட்டுக்கொடுத்தார்கள். வாய் திறந்திருந்தால் தொண்டை இறுகினாலும் காற்று வெளியேதான் போகும், நுரையீரலுக்குப் போகாது. அவ்வளவுதான்! வேகம் கூடக் கூட அதற்கும் மற்ற பல்லிகளைப் போலவே மூச்சு குறைந்தது. இத்தனைக்கும் இந்த உத்தி இயற்கைக்குப் புதிதும் அல்ல. தவளைகள் அன்றாடம் மூச்சுவிடுவதே தொண்டையால் காற்றை அமுக்கித்தான். உடும்பு விலாவையும் வைத்துக்கொண்டு, தொண்டையையும் கூடுதலாக வேலைக்கு அமர்த்திவிட்டது.

ஆகவே, ஓடி வந்து நின்ற உடும்பின் தொண்டை சீராக உப்பி உப்பி அடங்கினால் அது மூச்சு வாங்குகிறது, அவ்வளவே. விஷத்தைத் துப்புகிற உடும்பு உலகத்திலேயே இல்லை. தொண்டையும் உடம்பும் உப்பியபடியே நின்று, புஸ்ஸென்று சீறி, வாலைப் பக்கவாட்டில் வளைத்து வைத்திருந்தால் அது வேறு விஷயம். அங்கே நீங்கள் பின்வாங்க வேண்டும்.

பல்லியை ஓடவிட்டு எக்ஸ்ரே எடுப்பதற்கா பணம் என்று சிலர் சிரிப்பார்கள். அதே சவான்னா உடும்பின் நுரையீரலுக்குள் காற்று, பறவைகளில் போல, ஒரே திசையில் ஓடுவதை 2014இல் கண்டுபிடித்தார்கள். பறவைக்கு மட்டுமே சொந்தம் என்று நெடுங்காலம் நினைத்திருந்த ஏற்பாடு அது. உடும்பின் மூச்சைத் துருவப்போய் டைனோசர் எப்படி மூச்சுவிட்டிருக்கும் என்ற கேள்வி வரைக்கும் ஒரு வழி திறக்கிறது. நம் ஊரில் ஆய்வுப் பணம் என்றாலே புலியும் யானையும் ஒராங்ஊத்தானும் முன்வரிசையில் நிற்கின்றன. வேண்டியதுதான். ஆனால் லோங்காங் ஓரத்தில் காசில்லாமல் ஓடிக் காட்டுகிற பிராணிக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

உடும்பின் பேரில் மூடநம்பிக்கைக்கும் பணம் போகிறது. உடும்புப்பிடி என்று சொல்லிச் சொல்லியே அதன் ரத்தத்தில் பலம் இருப்பதாக நம்பிக் குடித்தவர்கள் உண்டு. பிடி இருப்பது வளைந்த நகத்தில். ரத்தத்தில் இருப்பது சால்மோனெல்லா கிருமியாகவும் இருக்கலாம். இந்தியாவில் ‘ஹத்தா ஜோடி’ என்று ஒரு ‘அபூர்வ வேர்’ இணையத்திலும் விற்பனையானது. பூஜையறையில் வைத்தால் செல்வம் கொழிக்குமாம். அது வேரே இல்லை, ஆண் உடும்பின் இனப்பெருக்க உறுப்பை அறுத்துக் காயவைத்தது என்பது 2017இல் அம்பலமானது. சாமி படத்துக்கு முன்னால் அதை வைத்துக் கற்பூரம் காட்டியவர்களை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

செந்தூல் வாசகிக்கு மறுபடி வருகிறேன். அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள். நில உடும்பும் நீர் உடும்பும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. இங்கே 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் இருக்கிறது. வெளியேற ஒரு வழியைத் திறந்துவிட்டு, நாயைக் கட்டிவிட்டு, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டால் அதுவே போய்விடும். வீட்டுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால் மட்டும் பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையையோ பொம்பா என்ற தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். வாலைப் பிடித்து இழுக்கும் வீரம் வேண்டாம். வீட்டுப் பல்லி மாதிரி இது வாலை உதிர்த்துவிட்டு ஓடாது, அதே வாலால் சவுக்கடி கொடுக்கும். கடித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக் போக வேண்டும். அழுக்குத் தின்னும் வாய் அது.

திரும்ப வருமா என்றால், தின்ன ஏதாவது கிடைக்கும் வரை வரும். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். கோழி வளர்ப்பதாக எழுதியிருந்தீர்கள்; கூட்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, அதன் அடியை ஓரடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்துவிடுங்கள். உடும்பு நன்றாகத் தோண்டும்.