பொறிக்குள் விழுந்தது பழ ஈதானா?

பெண் பழ ஈ, காயின் தோலில் ஊசிமுனை அளவுக்குத் துளைபோட்டு உள்ளே முட்டையிடுகிறது. சில நாட்களில் பொரிக்கும் புழுக்கள் சதையைத் தின்று வளர்கின்றன. வெளியே பார்த்தால் பழம் பழமாகத்தான் இருக்கும். புழு உள்ளே புகுந்த பிறகு மேலே மருந்து அடித்துப் பெரிய பயனில்லை. ஆகவே ஈக்கள் பெருகத் தொடங்கும்போதே தெரிந்தாக வேண்டும். பொறி வைப்பது அதற்காகத்தான்.

1912இல் பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லட், சிட்ரோனெல்லா என்ற புல்லின் எண்ணெயில் பழ ஈக்கள் மொய்ப்பதைப் பதிவுசெய்தார். இழுப்பது மீத்தைல் யூஜினால் என்ற பொருள் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. பழ ஈ இனங்களில் ஒன்றான கீழைப் பழ ஈக்கான பொறிகளில் இன்றும் அதுதான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதைத் தேடி வருவது பெரும்பாலும் ஆண் ஈக்களே. பழத்தைக் கெடுக்கும் பெண்களின் பெருக்கத்தை ஆண்களை எண்ணி ஊகிக்கிறோம்.

வழக்கமாக வாரம் ஒருமுறை ஆள் போய் எண்ணி, ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஈ என்று கணக்கிடுவார்கள். அந்த ஒரு வாரத்துக்குள் முட்டை புழுவாகிவிடும். தானியங்கிப் பொறி இந்தத் தாமதத்தைத்தான் குறைக்கிறது.

ஒருவகைப் பொறியில் கேமரா ஒட்டும் அட்டையைப் படமெடுத்து அனுப்பும்; படத்திலிருந்து ஈயை மென்பொருள் அடையாளம் காணும். தூசி படிந்து, பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் அது தடுமாறிப்போகும்.

இன்னொரு வகை எனக்கு இன்னும் சுவாரசியமானது. பொறியின் வாயில் குறுக்கே அகச்சிவப்பு ஒளி பாய்கிறது, எதிர்ப்பக்கம் ஒளியுணரி. சுழலும் மின்விசிறிக்கு மேலே விளக்கு எரிந்தால் தரையில் நிழல் படபடக்கும் அல்லவா, அதுபோல நுழையும் ஈயின் சிறகுகள் ஒளியை வினாடிக்கு 100 தடவைக்கு மேல் மறைத்து மறைத்து விடுகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தை அதிர்வெண்களாகப் பிரித்தால் சிறகடிப்பின் வேகம் கிடைக்கும். சிறு கொசுவின் வேகம் வேறு, தேனீயின் வேகம் வேறு. ஆனால் வெயில் ஏறினால் அதே ஈ வேகமாகச் சிறகடிக்கும். அதனால் பொறியில் வெப்பமானியும் தேவை. சிறகடிக்காமல் நடந்தே நுழையும் ஈயிடம் இந்த வித்தை பலிக்காது.

எண்ணுவது எளிது, இனம் காண்பதுதான் கடினம். அங்கே நேரப்பதிவு கைகொடுக்கிறது. கீழைப் பழ ஈயின் ஆண்கள் மீத்தைல் யூஜினாலைத் தேடி வருவது முக்கியமாகக் காலை வேளையில். நள்ளிரவில் திடீரென்று எண்ணிக்கை எகிறியிருந்தால், மருந்தடிக்கும் முன் பொறியைத் திறந்து பார்க்க வேண்டும்; உள்ளே விழுந்திருப்பது பெரும்பாலும் வேறேதோ பூச்சி.