லினக்ஸ் நிறுவல் பாதியில் நின்றால்: கோளாறு வட்டிலா, வேறெங்காவதா?

சிடி அல்லது டிவிடி வட்டிலிருந்து லினக்ஸை நிறுவும்போது நிறுவல் பாதி தூரம் போய் நிற்கிறது, வட்டைப் படிக்கும் டிரைவ் விட்டுவிட்டுச் சுற்றுகிறது, திரையில் "எர்நோ 5, இன்புட்/அவுட்புட் எரர்" என்று வருகிறது. தயவுசெய்து உடனே முதலிலிருந்து தொடங்காதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கிடைக்கும் டெர்மினலில் (கட்டளைத் திரையில்), கணினி பதிந்துவைத்த செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுங்கள். பிழைச் செய்தியில் "எஸ்ஆர்0" இருந்தால் டிவிடியைப் படிப்பதில்தான் சிக்கல். "எஸ்டிஏ" என்றிருந்தால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். டிவிடி பிழையில் ஒவ்வொரு முயற்சியிலும் அதே செக்டர் எண் (செக்டர் என்பது வட்டில் தரவு பதிந்திருக்கும் சிறு பகுதி) வந்தால் வட்டில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. எண் மாறிக்கொண்டே இருந்தால் டிரைவின் லென்ஸ் அல்லது கேபிள்மீது சந்தேகப்படலாம்.

சின்னக் கீறலுக்கா இவ்வளவு பாடு? பாட்டு சிடியில் விட்டுப்போன ஒலியை பிளேயர் ஊகித்து நிரப்பிவிடும். மென்பொருளில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு செக்டர் 2048 பைட்தான். ஆனால் லினக்ஸ் நிறுவல் வட்டுகளில் கோப்புகளைச் சுருக்கி வைக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறை தரவை வழக்கமாக 128 கேபி துண்டுகளாகச் சுருக்கி வைக்கிறது. ஒரு செக்டர் போனால் அந்தத் துண்டு முழுவதும் விரியாது.

அடுத்து, ஐஎஸ்ஓ கோப்பின் (வட்டில் எழுதப் பதிவிறக்கிய கோப்பு) எஸ்ஹெச்ஏ256 மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை, வெளியீட்டாளர் தந்த மதிப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மறுபடி பதிவிறக்க வேண்டியதுதான். ஒரே கோப்புக்கு மூன்று முறை மூன்று விடை வந்தால் ரேமில் கோளாறு இருக்கலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டிப் பாருங்கள்.

வட்டைச் சோதிக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். சில முறைகளில் எழுதிய சிடியின் கடைசியில் படிக்க முடியாத ஓரிரு செக்டர்கள் மிஞ்சும். முழு வட்டையும் படித்தால் நல்ல சிடிகூடப் பிழை காட்டும். அதனால் ஐஎஸ்ஓ அளவுக்கு மட்டும் படியுங்கள். கோப்பு 73,40,03,200 பைட் என்றால் 2048ஆல் வகுத்து, தரவை அப்படியே படித்து நகலெடுக்கும் டிடி கட்டளையில் பிளாக் அளவு 2048, எண்ணிக்கை 3,58,400 என்று கொடுத்து, வருவதை, எஸ்ஹெச்ஏ256 மதிப்பைக் கணக்கிடும் எஸ்ஹெச்ஏ256சம் கட்டளைக்கு அனுப்புங்கள்.

வந்த மதிப்பு ஐஎஸ்ஓ கோப்பின் மதிப்போடு பொருந்தவில்லையா? மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவுத் தடத்தோடு சேர்ந்தே ஓடும். பிழை திருத்தும் முறைக்கு அதுதான் மிகக் கடினம். சிடியின் லேபிள் பக்கக் கீறலும் ஆபத்தானது, தரவு அடுக்கு அதற்கு நேர் கீழே இருக்கிறது.

அப்படியும் தேறாவிட்டால் புது வட்டில், அதன் உச்ச வேகத்தில் பாதியில், ஐஎஸ்ஓவை இமேஜாக (வெறும் கோப்பாக நகலெடுக்காமல், அதன் உள்ளடக்கமே வட்டாகும்படி) எழுதுங்கள். எழுதிய வட்டைத் திறந்தால் ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிகிறதென்றால் எழுதிய முறை தவறு, அதிலிருந்து கணினி பூட் ஆகாது.